அம்சவேணியும் புள்ளித் தாளும்

ஆம்பூர் பஸ் நிலையத்தில், கேட்காமலேயே கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைக்க வந்த ஒரு பெரிய மனிதரை அம்சவேணி குடையால் அடித்துவிட்டாள். அடி அப்படியொன்றும் பலமில்லை. சத்தம்தான் பலம்.

"எந்தப் பக்கம் போறேன்னு கேட்டியா நீ? நான் குடியாத்தம் பஸ்ஸுக்கு நிக்கறேன். உனுக்குப் புண்ணியம் சேர்றதுக்கு நான் ரோட்ட தாண்டணுமா?"

அந்த மனிதர் எங்கள் கம்பெனிக்குத் தோல் பதனிடும் மருந்துகளை சப்ளை செய்கிறவர். நேராக மேனேஜரிடம் வந்து, குடைக்கம்பி பட்ட முழங்கையைக் காட்டினார். மேனேஜர் நயீம் அகமது அம்சவேணியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். "மொதல்ல அவரு கேக்கட்டும். கைய தொட்டது அவருதான்" என்றாள். கடைசிவரை யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் ஒரு டீ வந்தது.

நான் தனபாக்கியம். அதே ஆபீசில் இன்வாய்ஸ் டைப் அடிக்கிறவள். அம்சவேணி டெலக்ஸ் ஆபரேட்டர். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே மின்விசிறி. எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை. கண் தெரியாதவளோடு உனக்கு என்ன சண்டை என்று என் வீட்டில் கேட்பார்கள். அவளோடு ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து, "இப்ப ஒண்ணு தப்பா உளுந்துச்சி பாரு" என்பாள். பார்த்தால் விழுந்திருக்கும். எப்போதாவது சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை சொன்னால் ரத்தம் கொதிக்காதா? போதாக்குறைக்கு, நான் போடுகிற பவுடரைவிட ஊறவைத்த தோலின் நாற்றமே தேவலை என்று டீ கொண்டுவருகிறவரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் குடியாத்தத்துக்காரி. லுங்கி நெய்கிற குடும்பம். சின்ன வயதில் தட்டம்மை போட்டுப் பார்வை போனது. அந்தக் கதையைக் கேட்டு உச்சுக்கொட்டலாம் என்று வருகிறவர்களிடம் "போச்சி" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். பார்வையற்றோர் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள். பிரெயில், டைப், அப்புறம் டெலக்ஸ். எழுபதுகளின் கடைசியில் எங்கள் கம்பெனிக்கு வந்தாள்.

இரக்கப்பட்டு யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. டெலக்ஸ் கற்றுக்கொண்ட ஆட்கள் எல்லாம் கொஞ்ச நாளில் மெட்ராசுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். கண் தெரியாத பெண் எங்கே ஓடப்போகிறாள் என்று நயீம் அகமது யோசித்தார். யோசித்ததை அவளிடமே சொல்லியும் விட்டார். "கரெக்டுதான் சார், நான் ஓட மாட்டேன். உங்கள ஓட வெப்பேன்" என்றாள் அவள். அவர் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்.

டெலக்ஸ் மெஷினில், வெளிநாட்டுக் கம்பெனிகள் தந்தி மாதிரி அனுப்புகிற செய்தி இரண்டு விதமாக விழும். தாளில் எழுத்தாக விழுவது ஒன்று. பக்கத்தில் ஓடும் காகித நாடாவில் வரிசை வரிசையான துளைகளாக விழுவது இன்னொன்று. எங்களுக்கெல்லாம் அந்த நாடா குப்பை. அவளுக்கு அதுதான் செய்தி. நாடாவை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு இழுத்துக்கொண்டே, "ஹாம்பர்க்காரனுக்குக் கறுப்பு வேணாமாம், பிரவுன் அனுப்பச் சொல்றான்" என்று உரக்கச் சொல்வாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வதற்குள் அவள் பதிலையே அடித்து முடித்திருப்பாள். கம்பெனி அவளுக்கென்று தனியாக ஒன்றும் வாங்கித்தரவில்லை. மெஷின் துப்புகிற நாடாவிலேயே அவள் தன் வசதியைத் தேடிக்கொண்டாள். அதனாலேயே அது ஒரு வசதி என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. எண்பத்தாறோ எண்பத்தேழோ இருக்கும். கண்ணாடித் தடுப்பு வைத்து, ஏசி போட்டு, அதற்கு ஒரு தனி அறை. உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே விட வேண்டும். செருப்புக்குத் தோல் விற்றுப் பிழைக்கிற கம்பெனியில் அது ஒரு கூத்து. முதல் நாள் சாம்பிராணி வேறு போட்டார்கள்.

நயீம் அகமது எங்கள் இருவரையும் நிற்கவைத்துச் சொன்னார். ஆர்டர், ஸ்டாக், இன்வாய்ஸ் எல்லாம் இனிமேல் இதில்தான். டெலக்ஸையும் சீக்கிரம் இதோடு சேர்த்துவிடுவார்கள். இதற்கு ஒரே ஒரு ஆபரேட்டர் போதும். "டிவி மாதிரி இதுல எழுத்து வரும். அத பாத்துதான் வேலை செய்யணும். அதனால தனபாக்கியம் இங்க இருக்கட்டும். அம்சவேணி, நீ பேக்கிங்குக்குப் போய்டும்மா. லேபிள் கட்டற வேலை, உக்காந்தே செய்யலாம். பேஜாரே கிடையாது."

"எனக்கு பேஜார் வேணும் சார்" என்றாள் அம்சவேணி. அங்கிருந்து நேராக முதலாளி அறைக்குப் போனாள். கதவைத் தட்டினாளா என்று தெரியாது. திறந்த சத்தம் எனக்குக் கேட்டது.

முதலாளி வயசானவர், மெல்லப் பேசுகிறவர். வெளிநாட்டில் கம்ப்யூட்டரில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற கருவி வந்திருக்கிறது, வாங்கித்தாருங்கள் என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். பின்னாலேயே ஓடிய நயீம் அகமது, அந்த விலைக்கு இன்னொரு கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். கடைசியில் முதலாளி ஒரு தீர்ப்புச் சொன்னார். "தோல் வாங்கற ஹாம்பர்க் பார்ட்டி வர்றாங்க இல்ல, அவங்க வர்றதுக்குள்ள நீ ஒரு வழி பண்ணு. கம்ப்யூட்டர்ல இருக்கற அவங்க ஆர்டர, பக்கத்துல யாரும் சொல்லாம நீயா அவங்க முன்னாடி படிச்சிக் காட்டு. கம்ப்யூட்டர் நாற்காலி உன்து. முடியலன்னா பேக்கிங்கு. அப்புறம் வந்து எங்கிட்ட சண்ட போடக் கூடாது."

இதுதான் பந்தயம். அடிப்பதில் அவளுக்குச் சிக்கலே இல்லை, என்னைவிட வேகம். அடித்ததைத் திரும்பப் படிக்கத்தான் அவளுக்கு வழியில்லை. திரை வழுவழுவென்று இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஜன்னல தடவற மாதிரி இருக்குது" என்று திட்டினாள்.

வழியைப் பிரிண்டரில் கண்டுபிடித்தாள். அந்தக் காலத்துப் பிரிண்டரில் மெல்லிய ஊசிகள் வெளியே வந்து ரிப்பனை அடிக்கும். ரிப்பன் தாளில் படிந்து எழுத்தாகும். நான் அடித்துப் போட்ட ஒரு தாளைப் பின்பக்கம் திருப்பித் தடவிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "தனம், முற்றுப்புள்ளி வர்ற எடத்துல குத்துது" என்றாள். எனக்கு ஒன்றும் குத்தவில்லை. "உன் விரலு பவுடர் டப்பா தொறக்கத்தான் லாயக்கு" என்றாள்.

அவள் யோசனை இதுதான். ரிப்பனைக் கழற்றிவிட வேண்டும். தாளுக்குப் பின்னாலிருக்கும் கெட்டியான உருளையின் மேல் மெத்தென்று எதையாவது சுற்ற வேண்டும். அப்போது ஊசி முற்றுப்புள்ளியை அடிக்கும்போது தாளில் சின்னப் பள்ளம் விழும், அந்தப் பக்கம் மேடாக எழும்பும். அந்த மேடுகளைப் பிரெயில் எழுத்தாக அடுக்கினால் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் அவள் விரலுக்கு வந்துவிடும்.

மெத்தென்று எதைச் சுற்றுவது? ஆம்பூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை. தோலுக்குக் கடைசி மெருகு போடுகிற ஃபினிஷிங் பிரிவில் குர்ஷித் பாய் என்று ஒரு மேஸ்திரி. ஆபீசில் இருந்த எல்லோரோடும் அம்சவேணி சண்டை போட்டிருக்கிறாள், அவரோடு மட்டும் போட்டதில்லை. அவர் வெட்டிப்போட்ட ஓரத் துண்டுகளை ஒரு கூடையில் கொண்டுவந்து கொட்டினார். தடித்த தோலைச் சுற்றினால் புள்ளி எழும்பவில்லை. கையுறைக்குப் போகிற மெத்துத் தோலைச் சுற்றினால் அதிலிருந்த எண்ணெய் தாளில் ஊறிப் புள்ளி அமுங்கிப்போனது. கடைசியில் ஷூவின் உள்பக்கத்துக்குத் தைக்கிற மெல்லிய ஆட்டுத்தோல், சொரசொரப்பு மேலே வரும்படி சுற்றியபோது, புள்ளி எழும்பி நின்றது. கம்ப்யூட்டர் தாள் மெல்லிசு என்று டிராயிங் தாளை வாங்கி அளவாக வெட்டிக்கொண்டாள். குப்பைக்குப் போகிற தோல் துண்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைகிற தாளும்தான் மொத்தச் செலவு.

எழுத்தைப் புள்ளியாக மாற்றுகிற புரோகிராமை வேலூரிலிருந்து சர்வீசுக்கு வருகிற இன்ஜினீயர் ராமமூர்த்தி எழுதித்தர வேண்டியிருந்தது. அவருக்கு அதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. பிரிண்டர் ஊசி உடைந்தால் யார் பொறுப்பு என்றார். அவர் வருகிற நாளெல்லாம் அவள் கண்ணாடி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். அவர் சாப்பிடப் போனால் இவளும் எழுந்து போவாள். தொல்லை தாங்காமல் ஒருநாள் எழுதிக்கொடுத்தார். முதலில் வந்த தாளைத் தடவிவிட்டு, "எல்லாம் எடவலமா மாறிக் கெடக்குது. இந்தப் பக்கம் குத்தினா அந்தப் பக்கம்தானே சார் எழும்பும்? திருப்பி அடிக்க வேணாவா?" என்று கத்தினாள். அவரும் பதிலுக்குக் கத்தினார். கத்திக்கொண்டே திருத்தினார். மறு தாள் வந்ததும் அவள் விரல் ஒரு வரியின் மேல் மெல்ல ஓடியது. "ஹாம்பர்க்" என்றாள். அதே வரியை மறுபடியும் முதலிலிருந்து தடவினாள்.

ரிப்பன் இல்லாமல் பிரிண்டர் அடிக்கிற சத்தம் நாராசமாக இருக்கும். ஒரு பக்கம் அடிக்க வெகு நேரம் பிடிக்கும். அக்கவுண்ட்ஸில் இருந்தவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அவளைச் சபித்தார்கள். பார்ட்டி வரும் நாளில் அந்தச் சத்தம் கேட்கவே கூடாது என்று நயீம் அகமது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஹாம்பர்க் ஆர்டர் முழுவதையும் முன்கூட்டியே அடித்து வைத்தாள். எந்தத் தோல், எந்த நிறம், எவ்வளவு, எப்போது அனுப்ப வேண்டும், எல்லாம் தாள் தாளாக. முந்தின நாள் சாயங்காலம் அந்தத் தாள்களை மேனேஜரே வாங்கிக்கொண்டார். "நல்ல ஃபைல்ல போட்டு வெக்கறேன்மா. பெரிய பெரிய ஆளுங்க பாக்கப் போறாங்க."

பார்ட்டி வருகிற நாள் என்றால் தோல் கம்பெனி எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சாக்கடையில் பினாயில் ஊற்றுவார்கள். கேட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். காட்டப்போகிற தோலை எல்லாம் பிளேட்டிங் மெஷினில் கொடுத்து எடுப்பார்கள். காய்ச்சிய இரும்புத் தகடு மேலிருந்து இறங்கி அழுத்தும். சுருக்கம், மேடு, பள்ளம் எல்லாம் படிந்து தோல் பளபளவென்று வரும். மேடு தட்டுப்பட்டால் பார்ட்டி அதை ஒதுக்கிவிடுவான். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பயம்.

அன்றைக்கு இரண்டு ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். ஏற்றுமதியாளர் சங்கத்துத் தலைவர் வந்தார். சங்கம் வெளியிடுகிற மலருக்குப் படம் வேண்டும் என்று ஒரு போட்டோகிராபரும் வந்தார். கண்ணாடி அறை முன்னால் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அம்சவேணியை உட்காரவைத்திருந்தார்கள். புதுப் புடவை கட்டியிருந்தாள். சங்கத் தலைவர் எழுந்து, ஒளியிழந்த ஒரு சகோதரிக்கு நமது கம்பெனி ஒளி கொடுத்திருக்கிறது என்று ஆரம்பித்து நீளமாகப் பேசினார். தோல் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலாளிக்குப் பொன்னாடை போட்டார்கள். அம்சவேணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது.

நயீம் அகமது தங்க நிற எழுத்துப் போட்ட ஒரு ஃபைலைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துத் திறந்தார். "படிச்சிக் காட்டும்மா."

அவள் விரலை வைத்தாள். தாளின் ஓரத்துக்குக் கொண்டுபோனாள். நடுவுக்குக் கொண்டுவந்தாள். தாளைத் திருப்பினாள். அடுத்த தாளை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். வந்தவர்கள் புன்னகையோடு காத்திருந்தார்கள்.

நயீம் அகமது குனிந்து அவள் காதருகே சொன்னார். "இன்னாச்சி? சும்மா கைய நகத்திக்கினே எதையாவது சொல்லும்மா. அவங்களுக்கு இன்னா தெரியப் போகுது?"

போட்டோகிராபர் பளிச்சென்று ஒரு படம் எடுத்தார். அடுத்த நொடி அவள் எழுந்து நின்றாள்.

"யாருடா தேச்சது இத?"

ஜெர்மன்காரர்கள், படித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

"எல்லாத்தையும் நசுக்கி வெச்சிருக்கீங்களே! ஒரு புள்ளி இல்ல! இத வெச்சி நான் என்னத்தடா படிக்கறது?" பிறகு முதலாளி இருந்த பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "ஒரு அர மணி நேரம் குடுங்க, சார். ஒரு பக்கம் திரும்ப அடிச்சிப் படிச்சிக் காட்டறேன். இங்கியே, இப்பவே" என்றாள். அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

முதலாளி பதில் சொல்வதற்குள் நயீம் அகமது வந்தவர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்து, பிரியாணி ஆறிப்போய்விடும் என்று எல்லோரையும் சாப்பாட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அவள் உள்ளே போய், தோலைச் சுற்றி, தாளைச் சொருகினாள். பிரிண்டர் அலறியது. பக்கம் முடிந்து அவள் தாளோடு வெளியே வந்து நின்றபோது கேட்டில் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அங்கே நான்தான் இருந்தேன். "படி" என்றேன். "நீ எதுக்கு? உனுக்குத்தான் கண்ணு தெரியுதே" என்றாள். ஆனாலும் படித்தாள். ஒரு எழுத்துக்கூடத் தவறவில்லை.

தேய்த்தது குர்ஷித் பாய். மேனேஜர் கொடுத்தனுப்பியிருக்கிறார், பார்ட்டி பார்க்கப்போகிறான், நீட்டாக இருக்கட்டும் என்று. கேட்கப்போன எங்களிடம் அவர் பெருமையாகவே ஆரம்பித்தார். "முண்டும் முடிச்சுமா இருந்துச்சிம்மா. உன் பேப்பராச்சேன்னு நானே நின்னு ரெண்டு தபா பிளேட்டிங் போட்டேன். கண்ணாடி மாதிரி வந்துச்சி, பாத்தியா?" நான்தான் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் அப்படியே மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தோலில் கொசுக்கடித் தடம் இருந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவர். அந்த மேடுகள்தான் எழுத்து என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவளும்தான் சொல்லவில்லை. அவரிடம் அவளுக்குக் கோபம் வரவில்லை. எனக்கு நயீம் அகமதுவின் மேல் வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை. தாளைத் தேய்க்கக் கொடுத்தது தெரியாமல் செய்தது. கையை நகர்த்திக்கொண்டே எதையாவது சொல் என்றது தெரிந்தே சொன்னது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். படிக்கத் தெரிகிறதா இல்லையா என்ற பேச்சே அங்கே எழவில்லை. "விருந்தாளிங்க முன்னாடி 'டா' போட்டுப் பேசறவள ஆபீசுல வெச்சிக்க முடியாதும்மா" என்றார். அவள் பேக்கிங்குக்குப் போனாள். நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது, இதற்காக நான் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. ராமமூர்த்தி வந்து பிரிண்டரில் சுற்றியிருந்த தோலை உரித்துப் போட்டுவிட்டு, ஊசியெல்லாம் தூசி என்று முணுமுணுத்துக்கொண்டே ரிப்பனை மாட்டினார்.

ஒருநாள் மத்தியானம் பேக்கிங்கில் அவளிடம் கேட்டேன். "அவரு சொன்ன மாதிரி கைய நகத்தியிருந்தா நாற்காலி கெடச்சிருக்கும் இல்ல?"

"கெடச்சிருக்கும். மறுநாள் ஆர்டர் வரும். அதுக்கும் சும்மா கைய நகத்தறதா?" என்றாள். லேபிளின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போ, போய் உன் வேலைய பாரு. அங்க தப்புத் தப்பா அடிச்சி வெச்சிருப்ப."

சங்க மலரில் அந்தப் படம் வந்தது. தாளில் விரல் வைத்தபடி அம்சவேணி, பின்னால் பொன்னாடையோடு முதலாளி. கம்ப்யூட்டரை விரலால் படிக்கும் பெண் என்று கீழே போட்டிருந்தது. நயீம் அகமது அந்தப் படத்தையும், பளபளவென்று தேய்த்த ஒரு தாளையும் சேர்த்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாம் பார்த்து ஆகா என்பார்கள். படத்தில் இருப்பவள் பின்கட்டில் லேபிள் கட்டிக்கொண்டிருப்பாள்.

அப்புறம் ஒரு நாள் காட்பாடியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். ஜம்புலிங்கம், மீனாம்பாள். இரண்டு பேருக்கும் பார்வை இல்லை. பார்வையற்றவர்களுக்கென்று ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். யாரோ பழைய கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தானமாகக் கொடுத்திருக்கிறார்கள். எப்படிப் படிப்பது என்று தெரியாமல் மூடி வைத்திருக்கிறார்கள். மலரில் வந்ததை யாரோ படித்துச் சொல்ல, ரயில் ஏறி வந்துவிட்டார்கள்.

நயீம் அகமதுவுக்கு வாயெல்லாம் பல். டீ, பிஸ்கட் வந்தது. என்னையும் வந்து நிற்கச் சொன்னார். அம்சவேணியைக் கூட்டிவரச் சொன்னார். அவள் வருவதற்குள் கம்பெனியின் பெருமையை ஒருமுறை சொல்லி முடித்தார். அவள் உள்ளே வந்ததும் ஜம்புலிங்கம் எழுந்து கும்பிட்டார். "நீங்க செஞ்சத கையால தொட்டுப் பாக்கலாம்னு வந்தோம்மா."

"அதுக்கு இன்னா, இதோ, இதே ரூம்லதான் மாட்டி வெச்சிருக்கோம்" என்றார் நயீம் அகமது. தொட்டுப் பார்க்க வந்தவர்களிடம் கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார்.

அம்சவேணி என் பக்கம் திரும்பினாள். "தனம், அத கழட்டு."

மேனேஜர் வேண்டாம் என்பதற்குள் கழற்றிவிட்டேன். பின்பலகையின் ஆணியை நிமிர்த்தித் தாளை உருவி அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை ஜம்புலிங்கத்திடம் நீட்டினாள். "படிங்க."

அவர் மடியில் வைத்துத் தடவினார். திருப்பிப் போட்டுத் தடவினார். மனைவியிடம் கொடுத்தார். மீனாம்பாள் ஓரத்திலிருந்து ஓரம் வரை பொறுமையாகப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லீங்களே" என்றார் ஜம்புலிங்கம்.

"இல்லதான். இந்த ஆபீசுல நீங்க பாக்க வந்தது அவ்ளோதான்" என்றாள் அம்சவேணி. "செய்யற விதம் வேணும்னா சொல்றேன். எழுதிக்குங்க."

அவர் பையிலிருந்து பிரெயில் சட்டத்தை எடுத்து ஊசியால் குத்த ஆரம்பித்தார். எந்தத் தோல், எந்தப் பக்கம் மேலே வர வேண்டும், எந்தத் தாள், ஏன் திருப்பி அடிக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். நயீம் அகமது இரண்டு தரம் குறுக்கே பேசினார். பேக்கிங்கில் வேலை கிடக்கிறது, போ என்றார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்ததும் மீனாம்பாள் கேட்டாள். "எங்களால முடியுமான்னு தெரியல. நீங்களே வந்து செஞ்சி தர முடியுமா? சம்பளம்னு பெருசா குடுக்கறதுக்கு எங்ககிட்ட இல்ல."

"கம்மியாவே குடுங்க. ஆனா மெஷின் என் கையில இருக்கணும். அத செய் இத செய்னு யாரும் எனக்குச் சொல்லக் கூடாது."

"சண்ட போடுவீங்க போலிருக்கே" என்று சிரித்தார் ஜம்புலிங்கம்.

"போடுவேன்" என்றாள்.

அன்றைக்கே கிளம்பிவிட்டாள். குர்ஷித் பாயிடம் போய் ஒரு சுருள் ஆட்டுத்தோலை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. "ஏசிய கொஞ்சம் கொறச்சி வை, உனுக்கு மூக்கடப்பு" என்றாள். காட்பாடியில் அவள் அடிக்கிற தாள்கள் அரக்கோணம், கலவை என்று ஊர் ஊராகப் போகின்றன என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஜம்புலிங்கத்தோடு தினமும் சண்டை என்றும் கேள்விப்பட்டேன். இரண்டையும் நம்பினேன்.

அன்றைக்கு அவர்கள் மூவரும் கேட்டைத் தாண்டியதும் நயீம் அகமது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேஜைமேல் கிடந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டி, தாளை உள்ளே வைத்துத் திரும்ப மாட்டச் சொன்னார்.

தாளை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். "சார், இதுல எது முன்பக்கம்?"

"எதுவா இருந்தா இன்னாம்மா? மாட்டு" என்றார்.